பூஜைப் புகை

அன்றைக்கு ஆயுத பூஜை இல்லை. ஆடி வெள்ளியோ கார்த்திகையோ எதுவும் இல்லை. சித்திரை வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு வெறும் புதன்கிழமை. ஆனாலும் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில், வடக்கு முற்றத்தின் படத்துக்கு மேலே பச்சை எழுத்து நின்றது: ‘பூஜைப் புகை. இயல்பு நிலை.’

காலை ஷிப்டுக்கு வந்த ஆபரேட்டர் செண்பகவல்லி சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதையே பார்த்தாள்.

“ஜெரால்டு அண்ணே, இன்னைக்கு யாரு பூஜை போட்டது?”

இரண்டு ஷிப்டுக்கும் மூத்த ஆபரேட்டரான ஜெரால்டு, டீ டம்ளரை ஊதியபடியே திரும்பினார். “எங்கிட்டயா கேக்க? நான் மாதா கோயிலுக்கே ஞாயித்துக்கெழமதான் போவேன். மாப்பிள்ளைதான் சொல்லுதாரு. மாப்பிள்ளை சொன்னா அப்பீல் உண்டா?”

மாப்பிள்ளை என்பது ஆளில்லை. ஆலையின் ஒவ்வொரு வால்வையும் குழாயையும் மோப்பக் கருவியையும் இருபத்துநாலு மணி நேரமும் கவனித்து, தானே முடிவெடுக்கும் கணினி அமைப்பு அது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். எல்லாரும் அதற்குச் சேவகம் செய்ய வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது, கோபித்துக்கொண்டால் வீடே நின்றுபோகும் என்பதால் ஆலைக்காரர்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள்.

“வடக்கு முற்றத்து வழியாத்தான் வந்தேன். வாடை வருது அண்ணே. கண்ணு எரியுது.”

“அம்மோனியா ஆலையில மல்லிகைப்பூ வாசமா வரும்?”

“விளையாடாதீங்க. எப்பவும் வர்ற வாடை இல்ல இது. நீங்களா அமுக்குனீங்க அந்தப் பூஜைப் பொத்தானை?”

ஜெரால்டு டம்ளரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “நான் அமுக்கல தங்கச்சி. யாருமே அமுக்கல. மாப்பிள்ளை அதுவாவே அமுக்கிக்கிட்டுது.”

வெண்மணல்துறைக்காரர்களுக்கு அந்த ஆலையைப் பற்றிப் பெருமை உண்டு. காற்றாலை மின்சாரத்தையும் வெயிலையும் கொண்டு அம்மோனியா செய்து, கப்பலிலும் ஏற்றி, மூன்று மாவட்டங்களின் குளிர்கிடங்குகளையும் ஓட்டி, காற்றில்லாத வேளையில் மின்சாரமும் தரும் ஆலை. அதன் வடக்குச் சுவரை ஒட்டி மீனவர் குடியிருப்பு. செண்பகா கல்யாணமாகி வந்த வீடும் அங்கேதான், நாலாவது தெருவில்.

மாப்பிள்ளையிடம் விளக்கம் கேட்டுப் பார்த்தாள். ‘வடக்கு முற்றம், பூஜைப் புகை, இயல்பு நிலை’ என்றே மறுபடியும் சொன்னது. மேலாளர் தணிகாசலத்தைக் கூப்பிட்டாள். கூட்டத்தில் இருப்பதாகத் தகவல் வந்தது.

ஆலையைக் கையால் நிறுத்தும் சிவப்புக் கைப்பிடி சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைத் துடைத்துக் குங்குமம் வைத்தவர்கள் உண்டு, இழுத்தவர் கிடையாது. செண்பகா பையை ஜெரால்டின் மடியில் வைத்துவிட்டு, தீயணைப்பானின் அடிப்பாகத்தால் கண்ணாடியை உடைத்தாள்.

“ஏ தங்கச்சி, நல்லா யோசிச்சுக்கோ. மூணு மாவட்டம்.”

“சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு அண்ணே.”

இழுத்தாள். ஆலை, ஒரு பெருமூச்சு விட்டதுபோல அடங்கியது.

*

பழுதுபார்க்கும் குழு முகமூடியோடு வடக்கு முற்றத்தைச் சல்லடை போட்டுத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. நிறுத்தியவுடனே குழாய்களில் அழுத்தம் இறங்கிவிட்டது, தானியங்கித் தண்ணீர்த் தூவல் முற்றத்தையே கழுவிவிட்டது. இருந்த வாடையும் கரைந்துபோய், ஈரச் சிமென்ட் மணம்தான் மிஞ்சியது.

தணிகாசலம் கத்தவில்லை. அவர் கத்துகிற ரகம் இல்லை. “உன் மூக்கை நம்பி மூணு மாவட்டத்தை நிறுத்தியிருக்கேம்மா” என்று வருத்தப்படுகிற குரலில் சொன்னார். “பரவாயில்லை. மனுஷத் தவறுன்னு ஒரு ஒப்புதல் போடு. விதிப்படி நிறுத்தினவங்களே ஒப்புதல் போட்டாத்தான் திறக்க முடியும். உனக்கு ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுடும், அதுக்கு நான் பொறுப்பு.”

“கசிவு எங்கேன்னு கண்டுபிடிச்ச பிறகு போடுறேன் சார்.”

“கசிவே இல்லைங்கறேன்.”

“அப்போ நான் மோந்தது என்ன சார், சாம்பிராணியா?”

அவர் புன்னகை செய்தார். “நீ ஒப்புதல் போடலைன்னா வெள்ளிக்கிழமை பாதுகாப்பு ஆணையம் விசாரிக்கும். அவங்க உன்னை மீறித் திறப்பாங்க. நீ வெளியே இருப்பே. ஆலை உள்ளே ஓடிட்டுத்தான் இருக்கும்.”

அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் செண்பகாவுக்கு அதிகம் உறைத்தது. தான் போனாலும் அந்த வாடை அங்கேயே இருக்கும்; பூஜைப் புகை என்று பச்சையில் எழுதிக்கொண்டு ஒரு குருட்டு இயந்திரம் அதற்குக் காவல் இருக்கும்.

வீட்டு வாசலிலேயே மாமியார் கோமதி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். மகளிர் சங்கத்தின் குளிர்கிடங்கை நடத்துகிறவள்.

“வாட்டி, மகராசி. கெடங்குல இருந்த சீலா மீனெல்லாம் கொழகொழத்துப் போச்சு. தெருவுல நடக்க முடியல. ‘ஒம் மருமவதானே நிறுத்துனா’ன்னு ஆளாளுக்குக் கேக்காளுவ.”

“ஆமா அத்தை, நான்தான் நிறுத்தினேன்.”

“அதையும் தலைய நிமித்திச் சொல்லுதா பாரு!” என்றவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தணிந்தாள். “நெசமாவே வாடை வந்துதா?”

“வந்துது.”

“அப்ப அழுவாத. கண்ணு செவந்திருக்கு.”

“அழல அத்தை. அந்த வாடை பட்ட எரிச்சல்.”

கோமதி உள்ளே போய், குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள்.

*

மறுநாள் காலை சென்னையிலிருந்து செண்பகாவின் கணவன் இசக்கிராஜா வந்து இறங்கினான். மாப்பிள்ளையை வடிவமைத்த குழுவில் அவனும் ஒருவன். மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“செம்பா, பதிவெல்லாம் பாத்தேன். முற்றத்து மோப்பக் கருவி சரியாத்தான் மோந்திருக்கு. எச்சரிக்கையும் கொடுத்திருக்கு. ஆனா மாப்பிள்ளை அதைத் திரைக்கு விடல.”

“ஏன்?”

“பூஜைன்னு நெனச்சிட்டுது.”

அவள் கணவனையே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பொத்தானின் கதை இருவருக்கும் தெரியும். அது அவர்களுடைய கதையும்தான்.

ஆறு வருடம் முன்னால் அவன் புது இன்ஜினியராக ஆலைக்கு வந்திருந்தான். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாம்பிராணி போட்டதும் ஆலை முழுக்கச் சங்கு அலறியது. ஒவ்வோர் அலறலுக்கும் காரணம் எழுதி ஓய்ந்துபோன ஒரு பெண், ‘உங்க மெஷினுக்குச் சாமி கும்பிடறதுன்னா என்னன்னு சொல்லிக் கொடுங்க முதல்ல’ என்று அவன் முகத்துக்கு நேரே பொரிந்தாள். அவன் அன்றே உட்கார்ந்து காரணங்களின் வரிசையில் ‘பூஜைப் புகை’ என்று ஒரு பொத்தானைச் சேர்த்தான். அவள் வந்து பார்த்தாள், சிரித்தாள். அடுத்த ஆயுத பூஜைக்கு அவர்கள் நிச்சயதார்த்தப் பத்திரிகை எல்லார் மேசையிலும் இருந்தது.

“வருஷத்துக்கு ஒரு நாளைக்குத்தானே அது?” என்றாள் செண்பகா.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். போன வருஷம் மட்டும் உங்க ஆலையில முந்நூறு தடவைக்கு மேல பூஜை நடந்திருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அவளுக்குக் காரணம் தெரியும். வால்வு வாடை என்று பதிந்தால் விசாரணை. பதிந்தவன் பெயரில் ஒரு கறை. வாசலில் ஓடும் ‘பழுதற்ற நாட்கள்’ பலகை பூஜ்யத்துக்கு இறங்கும், கூட வேலை செய்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பூஜைப் புகை என்று பதிந்தால் எதுவும் இல்லை. எந்த மேலதிகாரிக்கும் ‘என்ன பூஜை? எந்தச் சாமிக்கு?’ என்று கேட்கத் தைரியம் கிடையாது. கேட்டால் அது வேறு விவகாரமாகிவிடும். அதனால் எல்லாரும் அந்த ஒரே கதவு வழியாக வெளியே போனார்கள். ஜெரால்டு அண்ணன்கூட. அவளும்தான்.

“ஒரு வாடை வரும், பூஜைன்னு அமுக்குவாங்க, ஒண்ணும் ஆகாது” என்றான் இசக்கி. “இப்படியே பாத்துப் பாத்து, இந்த ஆலையில இந்த வாடைன்னா பூஜைதான்னு அது கத்துக்கிட்டுது. நீங்க அமுக்குற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்னு, அதுவே அமுக்க நாங்கதான் போன வருஷம் அனுமதியும் குடுத்தோம். நேரம் மிச்சமாம். உனக்காகப் போட்ட பொத்தான் செம்பா. அதுவே இந்த ஊரக் கொன்னிருக்கும்.”

செண்பகா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பொத்தான் கொல்லாதுங்க. உண்மை சொல்ற கதவையெல்லாம் பூட்டிப்போட்டுட்டு, பொய் சொல்ற கதவை மட்டும் திறந்து வச்சாங்க பாருங்க, அதுதான் கொல்லும். இத மாத்த முடியுமா?”

“பழைய காரணத்தைப் பதிஞ்ச ஆளே திருத்தலாம். திருத்துனா மாப்பிள்ளை எல்லாத்தையும் மறுபடி படிக்கும். கசிவு எங்கேன்னுகூடக் கண்டுபிடிக்கும். ஆனா யாரும் திருத்தினதில்ல. திருத்துறதுன்னா மறைச்சேன்னு ஒத்துக்கிறது. வேலை போயிரும்.”

அன்று மதியம் ஷிப்டு மாறும் வேளையில் அவள் ஆலைவாசல் கேன்டீனுக்குப் போனாள். சுற்றிலும் எட்டுப் பத்து ஆபரேட்டர்கள். இசக்கி சொன்னதை அப்படியே சொன்னாள். “என் பேர்ல உள்ளதை இன்னைக்கே திருத்திட்டேன். உங்களத் திருத்தச் சொல்லி நான் கேக்கல. கேக்க எனக்கு உரிமையும் இல்ல. என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.”

ஒருவர் வடையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஜெரால்டு எழுந்தார்.

“நீ சொல்லுதது சரிதான் தங்கச்சி. சரியா இருக்கதுனாலதான் பயமா இருக்கு. ரெண்டு புள்ளைய காலேஜ்ல படிக்கு.”

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். போகும்போது அவளைப் பார்க்காமல் போனார்கள்.

*

விசாரணை ஆலையின் மாநாட்டு அறையில் நடந்தது. ஆணையத்தின் தலைவி பத்மாசனி சென்னையிலிருந்து வந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிற, களைத்த முகம். அவருக்கு வலப்புறம் தணிகாசலம். நிபுணர் நாற்காலியில் இசக்கி. சுவரில், கட்டுப்பாட்டு அறையில் தெரியும் அதே திரை.

“கசிவுக்கு ஆதாரம் இருக்காம்மா?” என்று கேட்டார் பத்மாசனி.

“இல்ல மேடம். நிறுத்திட்டதால இல்ல.”

“அப்படின்னா, விபத்து நடந்திருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?”

“நடந்திருந்தா ஆதாரம் இருந்திருக்கும் மேடம். கேக்குறதுக்கு நாங்கதான் இருந்திருக்க மாட்டோம்.”

தணிகாசலம் இருமினார். “உணர்ச்சிவசப்பட்டுப் பேசுறாங்க மேடம். கணவரும் இதே துறை. வீட்டுல ஏதாவது பேசியிருப்பாங்க.”

“பேசினோம் சார்” என்றான் இசக்கி. எழுந்து நின்றான். “மேடம், அந்தப் பொத்தானை வச்சது நான். அதுவே அமுக்கிக்கிற அனுமதியில கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். மாப்பிள்ளை… மன்னிக்கணும், இந்த அமைப்பு வடக்கு முற்றத்தைப் பொறுத்தவரை குருடு. இதை எழுத்துலயும் தர்றேன்.”

“நீங்க உங்க அமைப்புக்கு எதிராவே சாட்சி சொல்றீங்கன்னு புரியுதா?”

“புரியுது மேடம்.”

செண்பகா அவனைப் பார்த்தாள். ஆறு வருடம் முன்னால் பொத்தானைக் காட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்து நின்ற பையனைவிட, வியர்த்துப்போய் நிற்கும் இந்த ஆள் அவளுக்கு அதிகம் பிடித்திருந்தது.

பத்மாசனி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மூணு மாவட்டத்துக் கலெக்டர்களும் காலையிலேர்ந்து கூப்பிட்டுட்டே இருக்காங்க. கடைசியா கேக்கறேன். ஒப்புதல் போடறீங்களா?”

“மாட்டேன் மேடம். என்னை அனுப்பிடுங்க, போறேன். ஆனா எனக்கு அடுத்து அந்த நாற்காலியில உக்கார்றவனுக்கும் மூக்கு இருக்கும். வாடைன்னு சொன்னா வேலை போகும், பூஜைன்னு சொன்னா நாள் ஓடும்னு நீங்கதான் அவனுக்குச் சொல்லித் தர்றீங்க. இங்க யாரும் பொய்யர்கள் இல்ல மேடம். உண்மை சொன்னவங்கள அடிச்சு அடிச்சு, மிஷினுக்கே பொய் சொல்லப் பழக்கிட்டோம். அதோட பேரு பாதுகாப்புன்னு வாசல்ல பலகை வச்சிருக்கோம். அந்தப் பலகைக்கு என் ஒப்புதல் கிடையாது.”

பத்மாசனி முன்னாலிருந்த தாளில் இரண்டு வரி எழுதினார்.

“குறிச்சுக்கிட்டேன்” என்றார். “தணிகாசலம், ஆணையத்தின் அதிகாரத்துல திறக்கச் சொல்லுங்க.”

தணிகாசலம் திரையைப் பார்த்துக் கட்டளையைச் சொன்னார். வழக்கமாகக் கண் இமைப்பதற்குள் வருகிற பச்சை வரவில்லை. திரை மஞ்சளாகவே நின்றது.

‘சற்றுப் பொறுக்கவும். திருத்தப்பட்ட காரணங்கள் வந்துகொண்டிருக்கின்றன.’

“என்ன இது?” என்றார் தணிகாசலம்.

முதலில் வந்தது செண்பகவல்லி என்ற பெயர், நேற்றைய தேதியோடு. அதன் கீழே ஜெரால்டின் பெயர் வந்தது, இப்போதைய நேரத்தோடு. ‘மாதா கோயில் தேர் அன்றைக்கு நான் பதிந்தது பூஜை இல்லை. வடக்கு முற்றத்தில் வால்வு வாடை. நான் மறைத்தேன்.’ அதற்குக் கீழே இன்னொரு பெயர், இன்னொன்று. வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவரின் பெயரும் வந்தது. விடுப்பில் இருந்தவர்கள் வீட்டிலிருந்து பதிந்தார்கள். ஓய்வு பெற்றுப்போன ஒருவர், இனி அவரை யாரும் எதுவும் செய்ய முடியாது என்ற தெம்பில், தன் பங்குக்கு ஒரு பக்கமே எழுதியிருந்தார். ஆயுத பூஜை நாட்களைத் தவிர அந்த ஆலையில் நடந்த பூஜைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்தன. வாசலில் பழுதற்ற நாட்கள் பலகை பூஜ்யத்துக்கு இறங்கியதைச் சொல்ல ஒரு காவலாளி ஓடிவந்து, அறையிலிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

செண்பகா பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். கேன்டீனில் ஒருவர்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘ரெண்டு புள்ளைய காலேஜ்ல’ என்றவர்தான் அவளுக்கு அடுத்ததாகப் பதிந்திருந்தார்.

திரை சிவப்பானது.

‘மறு ஆய்வு முடிந்தது. வடக்கு முற்றம், இரண்டாம் வரிசைக் குழாய் இணைப்பு. வெயில் ஏறி அழுத்தம் கூடும்போது மட்டும் கசிகிறது. ஒவ்வொரு கோடையிலும் கசிவு கூடியிருக்கிறது. பிரித்துச் சோதிக்காமல் திறக்க இயலாது.’

தணிகாசலம் சட்டென்று இசக்கியிடம் திரும்பினார். “இதை மீற வழி இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“எப்படி?”

“நிறுத்தினவங்க பேரு பதிவுல இருக்கிற மாதிரி, மீறித் திறக்கிறவங்களும் அவங்க பேரைப் போடணும். பின்னால எது நடந்தாலும் அந்த ஒரே பேருதான். ஆரம்பத்துலேர்ந்தே இருக்கிற விதி சார். இதுவரை யாருக்கும் தேவைப்படல.”

திரையின் அடியில் ஒரு வெற்றுக் கட்டம் தோன்றிக் கண்சிமிட்டியது. ‘மீறுபவர் பெயர்.’

பத்மாசனி தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் துணை மேலாளரைப் பார்த்தார். துணை மேலாளர் தன் கைபேசியில் ஏதோ அவசரமாக வந்துவிட்டதுபோலக் குனிந்தார். “நடைமுறைப்படி ஆணையத்தின் பேர்லதான் மேடம்…” என்று இழுத்தார் தணிகாசலம்.

“ஆணையத்துக்கு மூக்கு இல்லையே சார்” என்றாள் செண்பகா. “ஆளோட பேருதான் கேக்குது.”

கட்டம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மூன்று கலெக்டர்களின் அழைப்புகளும் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தன. அறையில் அத்தனை பெரிய கையெழுத்துகள் இருந்தும் அந்தச் சின்னக் கட்டத்துக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

பத்மாசனி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, முதல் தடவையாகச் செண்பகாவைச் சரியாகப் பார்த்தார்.

“அந்த வாடை எங்கே நின்னப்போ வந்ததும்மா?”

புதன்கிழமையிலிருந்து ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

“உக்காந்த இடத்துலேர்ந்து காட்ட முடியாது மேடம். நடக்கணும். எல்லாரும் வரணும்.” செண்பகா எழுந்துபோய்ச் சுவரோரத்துப் பாதுகாப்பு அலமாரியைத் திறந்து முகமூடிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். “தணிகாசலம் சார், உங்களுக்கு எந்த அளவு?”